‘நான் பாத்துக்கறேன்’ என்றால் என்னென்ன செய்ய வேண்டும்? முதியோரின் நீண்டகாலப் பராமரிப்பு: ஓர் எளிய அறிமுகம்

எங்கள் ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, விழுந்த அன்று தருமபுரியில் மருத்துவமனை வராந்தாவில் பெரியப்பா, அப்பா, அத்தை மூவரும் நின்றிருந்தார்கள். இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்து ஒரு வாரத்தில் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அத்தைதான் முதலில் கேட்டார், “அம்மாவ யாரு பாத்துக்கறது?” அப்பா உடனே, “நான் பாத்துக்கறேன்” என்றார். “நாங்களும் இருக்கமில்ல” என்றார் பெரியப்பா. பேச்சு அதோடு முடிந்தது.

மூவருமே மனதாரத்தான் சொன்னார்கள். ஆனால் பார்த்துக்கொள்வது என்பதில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பெட்பேன் வைப்பது இருக்கிறதா, மாதம் எவ்வளவு ஆகும், ஆயா எந்த அறையில் படுப்பார் என்று ஒருவரும் பேசவில்லை. அந்த நேரத்தில் என் அம்மா நல்லம்பள்ளி பக்கம் எங்கள் வீட்டில் மாடு கறந்துகொண்டிருந்தார். அவரை யாரும் கேட்கவே இல்லை. அதற்கப்புறம் நான்கு ஆண்டுகள் பெரும்பாலும் ஆயாவைப் பார்த்துக்கொண்டது அவர்தான்.

இப்போது என் அம்மாவுக்கு 68 வயது. அந்த நான்கு ஆண்டுகளில் நாங்கள் தடுமாறித் தெரிந்துகொண்டதையும், பிறகு கேட்டும் படித்தும் சேர்த்ததையும் இங்கே எழுதுகிறேன். அம்மா அப்பா ஊரில் இருக்க, வேலைக்காக ஓசூரிலும் பெங்களூரிலும் திருப்பூரிலும் இருப்பவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். நானும் அப்படி ஓசூரில் இருப்பவள்தான்.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சிகிச்சை வேறு, பராமரிப்பு வேறு. எலும்பை ஒட்டவைப்பது, கண்புரை எடுப்பது, சர்க்கரைக்கு மாத்திரை தருவது எல்லாம் சிகிச்சை. அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். சிகிச்சை முடிந்த பிறகும் ஒருவரால் தானாக எழுந்து கழிவறைக்குப் போக முடியவில்லை, குளிக்க முடியவில்லை, எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று நினைவில் வைக்க முடியவில்லை என்றால், அந்தக் காரியங்களை அவருக்காகவோ அவரோடு சேர்ந்தோ தினமும் செய்வதுதான் நீண்டகாலப் பராமரிப்பு. ஆறு மாதமும் ஆகலாம், பத்து ஆண்டும் ஆகலாம். தேவை குறைவது அபூர்வம். பெரும்பாலும் மெல்லக் கூடிக்கொண்டே போகும்.

இந்த வேறுபாடு தெரியாததால் பலர் ஏமாந்துபோவது காப்பீட்டில். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை இருக்கிறது, பிறகு என்ன கவலை என்று நினைக்கிறோம். அந்தப் பணம் மருத்துவமனையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கு. வீட்டுக்கு வந்த பிறகு துணைக்கு வைக்கும் ஆளுக்கும், டயப்பருக்கும், காற்று மெத்தைக்கும் அதில் வழி கிடையாது. அந்தச் செலவெல்லாம் நம் கையிலிருந்துதான்.

சரி, ஒருவருக்கு எவ்வளவு பராமரிப்பு தேவை என்பதை எப்படி அளப்பது? சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1963-இல் எளிமையான ஓர் அளவுகோலை வெளியிட்டார். இன்றும் உலகம் முழுக்க மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்கிவைக்க முடிவது, தானாகச் சாப்பிடுவது என்று ஆறே ஆறு காரியங்கள். ஒவ்வொன்றையும் இவர் பிறர் உதவியில்லாமல் செய்கிறாரா என்று பார்க்க வேண்டும். இவை அடிப்படை. இவற்றுக்கு மேலே இன்னொரு அடுக்கு உண்டு: சமைப்பது, கடைக்குப் போவது, போன் பேசுவது, பணத்தைக் கையாள்வது, மாத்திரையைச் சரியாகப் போடுவது, பஸ் ஏறிப் போய்வருவது. பொதுவாக மேலடுக்குதான் முதலில் ஆட்டம் காணும். ரேஷன் கடையில் மீதிப் பணத்தை எண்ணத் தடுமாறுகிறார், மூன்று நாள் மாத்திரை அட்டையிலேயே இருக்கிறது என்று தெரிந்தால் கவனிக்கத் தொடங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. குளிக்க முடியாமல் போகும் நாள் வரை காத்திருக்கக் கூடாது.

போனில் கேட்டால் தெரியாது. “எல்லாம் நல்லாத்தான் இருக்கேன்” என்றுதான் பதில் வரும். ஒரு வாரம் லீவு போட்டுக் கூடவே இருந்து பார்க்க வேண்டும். நான் அம்மாவோடு அப்படி இருந்தபோது ஒரு சின்ன சோதனையும் செய்தேன். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். வழக்கமான நடை போதும், அவசரப்பட வேண்டாம். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு 14 ஆனது. நடையில் குறையில்லை. கையை ஊன்றி எழுவதில்தான் அத்தனை நேரமும் போனது.

இப்படிப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரியவரும். உதவி தேவை என்றால் 24 மணி நேரமும் ஆள் வேண்டும் என்று பயந்துவிடுகிறோம். ஆயாவுக்கு முதல் ஆண்டில் தேவைப்பட்டது காலையில் எழுப்பி கழிவறைக்குக் கூட்டிப்போக ஒரு தடவை, குளிக்க ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ராத்திரி ஒன்றிரண்டு தடவை. எல்லாம் சேர்த்தால் இரண்டு மணி நேரம் வராது. ஆனால் நாள் முழுக்கச் சிதறிக் கிடந்ததால் அம்மாவால் களை எடுக்கக்கூடப் போக முடியவில்லை. எத்தனை மணி நேரம் என்பதைவிட எந்தெந்த நேரம் என்பதை எழுதிப் பாருங்கள். ராத்திரி வேலைதான் ஆளை உருக்கும். அதை யார் எடுக்கிறார் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் மூட்டு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதில் குடித்தால் பல் கறை படியும். முப்பது நாற்பது ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகி, முதுகு வளைந்து, கழுத்தைத் திருப்பவே சிரமப்படும் நிலை வரலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகத்தான் வந்தது. 2013-இல் அது தொடங்கிவைக்கப்படும் முன்பு போர்த் தண்ணீரிலேயே வாழ்ந்த தலைமுறைதான் இன்று முதியவர்கள். ஆகவே உங்கள் அப்பா கீழே உட்கார முடியவில்லை என்றால் வயசு என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் இந்த விவரத்தையும் சொல்லுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யும். குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரையே வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது வீடு. ஆயா விழுந்தது புறக்கடையில். குளியலறை தனியாக வெளியே இருந்தது, நடுவில் ஒரு கல்படி, ராத்திரி வெளிச்சம் கிடையாது. விழுந்த பிறகுதான் அங்கே பல்பு போட்டோம். எங்கள் ஊர் வீடுகளில் இதே கதைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. வீட்டுக்குச் செலவு செய்ய வசதி வந்தால் முன்பக்கம் பளபளப்பான டைல்ஸ் போடுகிறோம். அதில் ஈரம் பட்டால் நமக்கே வழுக்குகிறது.

செய்ய வேண்டியவை பெரும்பாலும் சின்ன வேலைகள்தான். கழிவறைச் சுவரில் கைப்பிடிக் குழாய் பதிக்க வேண்டும். துண்டு மாட்டும் கம்பி உடம்பின் எடையைத் தாங்காது. அதைப் பிடித்து எழப்போய் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். குத்தவைத்து உட்காரும் கழிவறையை உடைத்து மாற்ற வசதி இல்லையென்றால், நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி மருந்துக்கடைகளில் கிடைக்கும். அதை மேலே வைத்துக்கொள்ளலாம். கட்டிலின் உயரம் முக்கியம். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். பாயில் படுத்துப் பழகியவர் கட்டில் வேண்டாம் என்பார். ஆனால் தரையிலிருந்து எழும்போதுதான் பலர் நிலைதடுமாறுகிறார்கள். படுக்கையிலிருந்து கை நீட்டினால் எட்டுகிற மாதிரி ஒரு விளக்கு சுவிட்ச் இருக்க வேண்டும். வாசல்படி ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் ஒரு கோடு அடித்தால் கண் மங்கியவருக்கும் தெரியும். அம்மா வீட்டில் இத்தனையும் இரண்டு நாளில் முடிந்தது. கொத்தனார், பிளம்பர் கூலி சேர்த்தும் டைல்ஸ் செலவில் பாதிகூட ஆகவில்லை.

இனி ஆள். இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. மூன்று பிள்ளைகள் இருந்தால் மாதத்துக்கு ஒரு வீடு என்று பெற்றவரை முறை வைத்து அனுப்பும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆயாவுக்கும் நாங்கள் அதைச் செய்து பார்த்தோம். பெரியப்பா வீட்டில் கழிவறை இடப்பக்கம், எங்கள் வீட்டில் வலப்பக்கம். ராத்திரி எழுந்தவர் இல்லாத கதவைத் தேடினார். மாத்திரைப் பை ஒரு வீட்டில், ஆள் இன்னொரு வீட்டில் என்று ஆனது. மூன்றாவது முறை மாற்றியபோது, “என்ன எங்கயாச்சும் ஒரு எடத்துல வுடுங்க” என்றார். ஞாபகம் தடுமாறத் தொடங்கியவருக்கு இடம் மாறுவது இன்னும் பெரிய குழப்பம். முடிந்தவரை அவர் ஓரிடத்தில் இருக்கட்டும், மற்றவர்கள் முறை வைத்து அங்கே வரட்டும். வர முடியாதவர் பணமாகத் தரட்டும். ஓசூரிலிருந்து தருமபுரிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வந்தால்கூட வீட்டில் பார்த்துக்கொள்பவர் அன்று அக்கடா என்று இருக்கலாம்.

அந்த வீட்டில் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் மருமகளாகத்தான் இருப்பார். இல்லையென்றால் மனைவி. அவருக்கும் முதுகு வலிக்கும், அவருக்கும் காய்ச்சல் வரும். என் அம்மா அந்த நான்கு ஆண்டில் தன் தம்பி மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தத்துக்குப் போய்த் தாலி கட்டி முடித்ததும் திரும்பிவிட்டார். இதைச் சொல்லும்போது இன்றும் குரல் மாறும். பராமரிப்புத் திட்டம் போடும்போது பார்த்துக்கொள்பவருக்கு வாரத்தில் ஒரு நாள், ஆண்டில் பத்து நாள் விடுப்பு என்று எழுதியே வைக்க வேண்டும். அந்தப் பத்து நாளும் யார் வருவார் என்று பெயரும் போட வேண்டும்.

சம்பளத்துக்கு ஆள் வைப்பதென்றால் ஊருக்குள்ளேயே நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களிடம் கேட்டுப் பார்ப்பது நல்ல வழி. ஏஜென்சி மூலம் வரும் ஹோம் நர்ஸ் என்றால் உண்மையில் நர்சிங் படித்தவரா, துணைக்கு இருப்பவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த வேலையெல்லாம் செய்வார், ராத்திரி எத்தனை தடவை எழ வேண்டியிருக்கும், சாப்பாடு யார் பொறுப்பு, லீவு எப்போது என்று முதல் நாளே வெளிப்படையாகப் பேசிவிட்டால் இரண்டாம் வாரம் சண்டை வராது.

படுத்த படுக்கையாகிவிட்டவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆயாவுக்கு வந்த பெரிய வேதனை அதுதான். படுக்கைப் புண். உடம்பின் எடை ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் அங்கே ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப்போகும். இடுப்புக்குக் கீழே வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு, தோள்பட்டை, பின்தலை ஆகிய இடங்களில் வரும். தினமும் குளிப்பாட்டும்போது இந்த இடங்களைப் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்த பிறகும் வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அங்கே சூடோ வீக்கமோ கெட்டியோ தட்டுப்படுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வலம், இடம், மல்லாந்து என்று மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். ஒரே ஆள் புரட்ட முடியாது என்று நினைக்க வேண்டாம். இடுப்புக்கும் தோளுக்கும் அடியில் ஒரு பருத்திப் போர்வையை நாலாக மடித்துப் போட்டுவிட்டு, அதன் எதிர்ப்பக்க ஓரத்தைப் பிடித்து நம் பக்கம் இழுத்தால் உடம்பு தானாகப் புரளும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. குதிகால் மெத்தையில் படாமல் தொங்குகிற மாதிரி கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. நாங்கள் யாரோ சொன்னார்கள் என்று காற்றடித்த ரப்பர் வளையத்தை ஆயாவுக்கு அடியில் வைத்தோம். சிவந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் விட்டோம். இரண்டுமே தவறு என்று பிறகு வந்த செவிலியர் சொன்னார். வளையம் சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்தம் போவதைக் குறைக்கிறது. தேய்த்தால் ஏற்கெனவே நலிந்த தோல் உள்ளுக்குள் கிழிகிறது.

வீட்டுக்கு வந்து பார்க்கும் அரசு ஏற்பாடு ஒன்று இருக்கிறது, அது தொடங்கியதே நம் பக்கத்தில்தான். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை இருப்பவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வரும். பக்கவாதம் வந்தவருக்கு, படுக்கையில் இருப்பவருக்கு இயன்முறை மருத்துவமும் வலி தணிக்கும் சிகிச்சையும் இதில் உண்டு. மாத்திரை கொண்டுவருபவரைப் பலருக்குத் தெரிகிறது, மற்ற இரண்டும் இருப்பது தெரிவதில்லை. உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயர் கொடுத்து, கேட்டு வாங்குங்கள். மருத்துவரிடம் போகும்போது அலோபதி, நாட்டு மருந்து, தூக்க மாத்திரை என்று வீட்டில் இருக்கும் அத்தனையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். மூன்று மருத்துவர்கள் தனித்தனியாக எழுதியதை ஒருவர் சேர்த்துப் பார்த்தால்தான் எது வேண்டாதது என்று தெரியும். தள்ளாடி விழுவதற்கு மாத்திரையே காரணமாக இருப்பதும் உண்டு.

மறதியிலும் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது ஒரு வகை. நேற்று வரை நன்றாகப் பேசியவர் இன்று ஆளை அடையாளம் தெரியாமல் உளறுகிறார் என்றால் அது வேறு. சிறுநீரில் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது, நீர்ச்சத்து வற்றுவது, சேராத மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம். வயசானால் அப்படித்தான் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பணம். ஒரு கணக்குக்காக மட்டும், பகலில் துணைக்கு ஆள் மாதம் 12,000, டயப்பர், மருந்து, சத்துணவு 4,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 16,000. ஓராண்டுக்கு 1,92,000. ஆயாவைப் போல நான்கு ஆண்டு என்றால் 7,68,000. மூன்று பிள்ளைகள் பிரித்தால் தலைக்கு மாதம் ஐயாயிரத்துச் சொச்சம். இந்த எண்ணை விழுவதற்கு முன்பே மூவரும் கேட்டிருந்தால் நல்லது. முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது. தகுதி இருந்தால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிட வேண்டும். அம்மா அப்பா கையில் நிலம் விற்ற பணமோ ஓய்வுப் பணமோ இருந்தால் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 60 வயதானவர் 30 லட்சம் வரை ஐந்தாண்டுக்குப் போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். 8.2 சதவீத வட்டியில் 5 லட்சம் போட்டவருக்குக் காலாண்டுக்கு 10,250 ரூபாய். வட்டி விகிதத்தை அரசு அவ்வப்போது மாற்றும், சேரும்போது கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு முதியவர் பெயரிலேயே இருக்கட்டும். தன் மாத்திரைக்குத் தானே பணம் தருகிறோம் என்ற தெம்பு பெரிய விஷயம்.

பணத்தை எடுப்பதிலும் ஒரு சிக்கல் வரும். மண்வெட்டி பிடித்த கையில் ரேகை தேய்ந்திருக்கும். மெஷினில் ‘ரேகை விழல’ என்று திருப்பி அனுப்புவார்கள். வங்கிக் கணக்கை இப்போதே பிள்ளை ஒருவரோடு சேர்ந்த கணக்காக, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வகையில் மாற்றி, நாமினியையும் பதிந்துவிடுங்கள். 70 வயதைத் தாண்டியவருக்கு வீட்டுக்கே வந்து சேவை செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-இலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கேட்டால்தான் நடக்கும்.

பத்திர விஷயத்தில் நிதானம் வேண்டும். நம் ஊரில், “எதுக்கும்மா இழுத்துக்கிட்டு, இப்பவே எழுதி வெச்சிரு” என்று தான செட்டில்மெண்ட் எழுதி வாங்கிவிடுகிறார்கள். செட்டில்மெண்ட் பதிந்த அன்றே சொத்து கை மாறிவிடும். சும்மா திரும்பப் பெற முடியாது. உயில் அப்படியில்லை. எழுதியவர் இறந்த பிறகுதான் செல்லும், உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவையும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுவது நல்லது. செட்டில்மெண்ட்தான் எழுத வேண்டும் என்ற நிலை இருந்தால், ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, பராமரிப்பதாக வாங்கிக்கொண்டு கைவிட்டால் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்க வழி தருகிறது. நிபந்தனை எழுத்தில் இருந்தால் வாதாட வேண்டிய சிரமம் குறையும்.

இதே சட்டத்தில் 60 வயதானவர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் விசாரிக்கும். தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று நான்கு கோட்ட அலுவலகங்கள் இரண்டு மாவட்டத்துக்கும் இருக்கின்றன. எங்கே போவது என்று தெரியாத முதியவர் 14567 என்ற எண்ணில் கூப்பிடலாம். அது மூத்த குடிமக்களுக்கான உதவி எண், கட்டணம் கிடையாது.

ஒருவர் சார்பில் இன்னொருவர் காரியம் பார்க்க அதிகாரம் தரும் பவர் பத்திரம் பற்றியும் ஒரு வார்த்தை. “அம்மா பவர் குடுத்திருக்காங்க, எல்லாம் நான் பார்த்துக்குவேன்” என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. பவர் கொடுத்தவர் மனநிலை தவறினால் நம் ஒப்பந்தச் சட்டப்படி அந்தப் பவரும் முடிந்துபோகும். மறதி நோய் முற்றிய பிறகுதான் அது மிகவும் தேவைப்படும், அப்போது பார்த்து அது கையில் இருக்காது. பிறகு நீதிமன்றம் போய் காப்பாளராக நியமிக்கக் கேட்க வேண்டிவரும். ஆகவே கணக்கு, நாமினி, உயில் எல்லாம் தெளிவோடு இருக்கும்போதே முடிய வேண்டியவை.

இவ்வளவும் சொன்ன பிறகும், எல்லாவற்றுக்கும் முதலில் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. யாருக்காகத் திட்டம் போடுகிறோமோ அவரையே கேட்பது. ஆயாவை நாங்கள் கடைசிவரை கேட்கவில்லை. அம்மாவிடம் எப்படித் தொடங்குவது என்று எனக்கும் தெரியவில்லை. “வயசான பிறகு என்ன செய்யப் போற?” என்று கேட்டால் சாவைப் பற்றிப் பேசுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று தயங்கினேன். கடைசியில் ஆயாவின் பேச்சை எடுத்தேன். “ஆயாவுக்கு அப்ப நாம என்ன செஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்மா?” அவ்வளவுதான். களிக்குக் கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டே ஒரு மணி நேரம் பேசினார்.

ஓசூருக்கு வரமாட்டேன் என்றார். மூன்றாவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு யாரோடு பேசுவது என்றார். அப்புறம், மாட்டை யார் பார்ப்பது? முதலில் எனக்கு அது சாக்காகத்தான் பட்டது. யோசித்தால், காலை நாலரைக்கு அவரை எழுப்புவது அந்த மாடு. சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போவதால்தான் தினமும் பத்துப் பேர் முகம் பார்க்கிறார், அரை கிலோமீட்டர் நடக்கிறார், கையில் காசு புழங்குகிறது. மாட்டை விற்றுவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லியிருந்தால் இத்தனையும் ஒரே நாளில் போயிருக்கும். அதனால் இரண்டு மாட்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது, தீவனம் அறுக்க ஆள் வைப்பது, கறக்க முடியாமல் போகும்போது மறுபடி பேசுவது என்று முடிவு செய்தோம்.

அவர் சொல்லச் சொல்ல ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டேன். நடமாட முடியாமல் போனால் தெருவைப் பார்த்த முன்னறையில்தான் கட்டில். குளிக்க உதவி வேண்டுமென்றால் பெண் ஆள்தான், என் அண்ணன் வேண்டாம். பிழைக்க வழியில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். தோடு இரண்டும் பேத்திக்கு. ராத்திரி அண்ணி எழக் கூடாது, அவளுக்குக் காலையில் வேலைக்குப் போக வேண்டும், அதற்குச் சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டும்.

“வேற ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தார். “மாட்டக் கடைசியா விக்கறப்ப சந்தைக்கு ஓட்டாதீங்க பாப்பா. கேக்கற வெலைக்குப் பக்கத்து வீட்டுக்கே குடுத்துருங்க. சத்தமாச்சும் கேட்டுக்கிட்டு இருக்கும்” என்றார். அதையும் எழுதினேன்.